ஆம்பூரில் ஜெயித்த சந்தா சாகிப் திருச்சியில் வீழ்ந்தது ஏன்? நவாப் வாரிசுப் போர், 1749–54

கெடிலக்கரை (கடலூர்)

எங்கள் பகுதி நூலகத்தில் வைக்க, இரண்டாம் கர்நாடகப் போருக்கு ஒரு காலவரிசைப் பலகை எழுதுகிறோம். விவரம் தெரிந்தவர்கள் மூன்று விஷயத்தில் உதவுங்கள்.

பாகூர்ச் சண்டை ஒரு நூலில் 1752 ஆகஸ்ட் 26, இன்னொன்றில் செப்டம்பர் 6. எதைப் போடுவது? அடுத்தது, பாடப்புத்தகங்கள் இதை ஆங்கில–பிரெஞ்சுப் போர் என்கின்றன. ஆனால் 1748இலேயே இரு நாடுகளும் ஐரோப்பாவில் சமாதானம் செய்துகொண்டனவே, பிறகு எப்படி இங்கே சண்டை? மூன்றாவதுதான் முக்கியம். ஆம்பூரில் நவாபே களத்தில் சாகும் அளவுக்கு வெற்றி பெற்ற சந்தா சாகிப், மூன்றே ஆண்டில் தலையை இழந்தது எதனால்? ஆற்காட்டில் கிளைவின் வீரம் என்று ஒரு வரியில் முடித்துவிட மனம் வரவில்லை.

பாகூர் ஏரிக்கரை

தேதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன் சார். இரண்டும் ஒரே நாள்தான். பிரெஞ்சுக்காரர்கள் கிரெகோரியன் நாட்காட்டியில் எழுதினார்கள். ஆங்கிலேயர்கள் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று எண்ணித்தான் அவர்கள் மாறினார்கள். பாகூர்ச் சண்டை அந்த மாற்றத்துக்குச் சில நாள் முன்னால் நடந்ததால்தான் இவ்வளவு குழப்பம்.

ஆகவே அதற்கு முந்தைய ஆங்கில ஆவணம் என்றால் 11 நாள் கூட்டுங்கள்: ஆம்பூர் 1749 ஜூலை 23 என்பது ஆகஸ்ட் 3, ஐதராபாத் நிஜாம் நாசிர் ஜங் கொலை 1750 டிசம்பர் 5 என்பது டிசம்பர் 16. பிரெஞ்சுத் தேதியோடு எதையும் கூட்டாதீர்கள். பின்னாளில் எழுதிய ஆங்கில நூல்களில் சிலர் ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள், சிலர் மாற்றவில்லை. இரண்டு முறை கூட்டிவிடும் ஆபத்து அங்கேதான். கிழமை கொடுத்திருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள், நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. பாகூர்ச் சண்டை புதன்கிழமை.

இன்னொரு பொறி உண்டு. பழைய ஆங்கில முறையில் புத்தாண்டு மார்ச் 25. "1750 பிப்ரவரி" என்று எழுதிய கடிதம் நம் கணக்கில் 1751 ஆக இருக்கலாம்.

ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பின் தமிழ்த் தேதிகளையும் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறேன். 1749 ஏப்ரலில் பிறந்தது சுக்கில, அதன்பின் பிரமோதூத, பிரஜோற்பத்தி, ஆங்கீரச, ஸ்ரீமுக, பவ என்று வரும். இன்றைய காலண்டரை வைத்து மாதத் தேதியை மாற்றினால் நாலைந்து நாள் பிசகும். அப்போது சித்திரை முதல் நாள் ஏப்ரல் 9, 10 வாக்கில் வந்தது.

வில்லியனூர்வாசி (புதுச்சேரி)

இரண்டாவது கேள்விக்கு: இது அடிப்படையில் உள்நாட்டு வாரிசுப் போர், அதுவும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. பலகையில் இதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

1748இல் நிஜாம் ஆசப் ஜா இறந்ததும் மகன் நாசிர் ஜங்குக்கும் மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங்குக்கும் ஐதராபாத்துக்காகப் போட்டி. நிஜாமுக்குக் கீழிருந்த ஆற்காட்டில், 1744இல் ஆசப் ஜா நியமித்த அன்வருதீன் நவாபாக இருந்தார். அதற்கு முன் ஆண்ட நவாயத் குடும்பத்தின் மருமகன் சந்தா சாகிப், மராட்டியரிடம் சிறையிருந்து மீண்டு உரிமை கேட்டு வந்தார். முசாபரும் சந்தாவும் சேர்ந்தார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அவர்களுக்குப் படை கொடுத்தார். ஆம்பூரில் அன்வருதீன் இறக்க, மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். பிறகுதான் ஆங்கிலேயர் முகமது அலி பக்கம் வந்தார்கள்.

ஆனால் வாரிசுச் சண்டையில் டூப்ளேதான் முதலில் கை வைத்தார் என்று எழுதிவிடாதீர்கள். ஆம்பூருக்கு முன்பே, 1749 ஜூனில், தஞ்சாவூர் அரசுரிமை கேட்ட ஷாஜிக்காக என்று கிளம்பிய ஆங்கிலப் படை கொள்ளிட முகத்துவாரத்தில் தேவிக்கோட்டையைப் பிடித்தது. கோட்டை கிடைத்ததும் ஷாஜியைக் கைவிட்டுப் பிரதாப சிங்கோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அந்தப் படை புறப்பட்டது உங்கள் தேவனாம்பட்டினத்தில் இருந்துதான். 1746இல் சென்னை பறிபோனதிலிருந்து 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் அங்கிருந்த செயின்ட் டேவிட் கோட்டையே.

சமாதான காலத்தில் எப்படிச் சண்டை போட்டார்கள் என்றால், ஆங்கில, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிகள் இரண்டும் நவாபின் துணைப்படை என்ற பெயரில் வந்தன. அந்த வேடத்துக்கு உண்மையான வரம்பு இருந்தது. பாகூரே சாட்சி. ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் புதுச்சேரியை நெருங்கியதும் பிரெஞ்சுத் தளபதி கெர்ஜான் தன் படையை ஊரைச் சுற்றியிருந்த எல்லை வேலிக்குள் இழுத்துக்கொண்டார். வேலியைத் தாண்டினால் அது பிரான்சின் மீதே போர் தொடுத்ததாகும். அதனால் லாரன்ஸ் பயந்தவர்போல் பாகூருக்குப் பின்வாங்கினார். டூப்ளேயின் நெருக்குதலால் கெர்ஜான் பின்தொடர்ந்து வெட்டவெளிக்கு வந்தார். ஆங்கிலேயர் விடிவதற்குள் தாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தியால் முடித்துவிட்டார்கள். கெர்ஜானும் சிறைப்பட்டார்.

ராஜகிரி

மூன்றாவது கேள்விக்கு என் கணிப்பு: சந்தா சாகிப் தோற்றது 1751 ஆற்காட்டில் அல்ல, 1749 கடைசியில் தஞ்சாவூர் மதிலடியில்.

ஆம்பூர் முடிந்த கையோடு திருச்சிக்குப் போயிருந்தால் முகமது அலியிடம் தாங்கும் படை இல்லை. டூப்ளேயும் அதையேதான் வற்புறுத்தினார். ஆனால் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, அதனால் பணக்காரத் தஞ்சாவூரை மிரட்டப் போனார்கள். பிரதாப சிங் 70 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதைத் தங்கம் வெள்ளிப் பாத்திரம், நகை, பழைய நாணயம் என்று சிறுகச் சிறுகக் கொடுத்து, ஒவ்வொன்றின் மதிப்புக்கும் பேரம் பேசி வாரக்கணக்கில் இழுத்தார். அதற்குள் நாசிர் ஜங் பெரும்படையோடு தெற்கே வந்துவிட்டார். 1750 வசந்தத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் 13 பேர், தஞ்சாவூர்ப் பணத்தில் தங்களுக்குப் பங்கு வரவில்லை என்று பதவியை உதறினார்கள். படை கலைந்தது, முசாபர் சரணடைந்தார். டிசம்பரில் கடப்பை, கர்நூல் நவாபுகளின் சதியால் நாசிர் ஜங் கொல்லப்பட்டபோது அதிர்ஷ்டம் திரும்பியது உண்மைதான். ஆனால் திருச்சி கைக்கு வரவில்லையே.

1751 ஆகஸ்டில் கிளைவ் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களுமாக ஆற்காட்டுக்குப் போனதன் பலன், சந்தா சாகிப் திருச்சி முற்றுகையிலிருந்து ஆட்களைப் பிரித்து மகன் ராசா சாகிப்புக்கு அனுப்ப நேர்ந்ததுதான். அந்த 50 நாள் தாக்குப்பிடிப்பைப் பார்த்து மராட்டிய முராரி ராவும் ஆங்கிலேயர் பக்கம் அசைந்தார். மைசூர் நஞ்சராஜர், தஞ்சாவூர்த் தளபதி மானோஜி என்று எல்லோரும் முகமது அலியோடு சேர்ந்தபின் கணக்கு தலைகீழ். 1752 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லா, ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார். அது பெரும் பிழை: கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் கிளைவ் உட்கார்ந்ததும் புதுச்சேரியிலிருந்து தானியமும் வெடிமருந்தும் வரும் வழி அடைபட்டது. உதவிக்கு வந்த பிரெஞ்சு அதிகாரி தொத்தேய் வாலிகண்டபுரத்தில் பிடிபட்டார். ஜூன் 13இல் லா சரணடைந்தார். சந்தா சாகிப் மானோஜியின் சத்தியத்தை நம்பிப் போனார். மைசூராரும் மராட்டியரும் முகமது அலியும் அவரைத் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி முட்டிக்கொண்டார்கள். மானோஜி யாருக்கும் கொடுக்காமல் அவர் தலையை வெட்டச் செய்தார்.

கெடிலக்கரை

அருமை. எல்லை வேலி விவரத்தை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். கடலூர்க்காரர்களுக்குத் திருவதிகை பற்றி ஒரு வரி வேண்டும். கோயிலைக் கோட்டையாக்கினார்கள் என்று மட்டும் எழுதினால் போதுமா?

ராஜகிரி

போதாது. அங்கேயும் காரணம் பணம்தான். 1750 ஜூலையில் பிரெஞ்சுக்காரர்கள் திருவதிகைக் கோயிலைப் பிடித்தார்கள். உயர்ந்த மதில், உள்ளே கிணறு, கெடிலக் கரை: பீரங்கி இல்லாதவனால் அதை எடுக்க முடியாது. சுற்றுவட்டக் கிராமங்களின் வரி யாருக்கு என்பதை அந்தக் கோயிலை வைத்திருப்பவன் தீர்மானிப்பான். முகமது அலியும் ஆங்கிலேயரும் சேர்ந்து வந்தார்கள். ஆனால் செலவுத் தொகையை அவர் தராததால் லாரன்ஸ் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். ஆங்கிலேயர் போனதும் செப்டம்பர் 1இல் பிரெஞ்சுப் படை முகமது அலியை அடித்து நொறுக்கியது. பத்து நாள் கழித்து பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சியையே எடுத்தார். விருத்தாசலம், சிதம்பரம் கோயில்களும் இப்படித்தான் காவல் அரணாயின.

வில்லியனூர்வாசி

பலகையை 1752இல் நிறுத்திவிடாதீர்கள். உதவிக்கு வந்த நஞ்சராஜருக்கு முகமது அலி ரகசியமாகத் திருச்சியையே தருவதாக வாக்களித்திருந்தார். வென்றபின் கொடுக்கவில்லை. மைசூர்ப் படை பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது, முராரி ராவும் அப்படியே. 1753, 1754 முழுக்கத் திருச்சியைச் சுற்றிச் சண்டை. மைசூர்ப் படையில் அப்போது ஐதர் அலியும் இருந்தார்.

பாரிசில் கம்பெனி இயக்குநர்களுக்கு வேண்டியது துணி வியாபார லாபம். அவர்கள் அனுப்பிய கொடஹோ 1754 ஆகஸ்டில் புதுச்சேரியில் இறங்கினார், அக்டோபரில் டூப்ளே கப்பலேறினார், டிசம்பரில் தற்காலிக உடன்படிக்கை. முகமது அலி நவாபாக நிலைத்தார், கம்பெனிக்குப் பட்ட கடனோடு. அந்தக் கடன் வளர்ந்து வளர்ந்துதான் 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது.

தேவனாம்பட்டினத்துப் படம் போடுவதாக இருந்தால், கோட்டை இடிந்தது இந்தப் போரில் அல்ல, 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தபின் என்று படத்தின் கீழே குறிப்பிடுங்கள். புதுச்சேரிக் கோட்டையை ஆங்கிலேயர் இடித்தது 1761இல்.