புதுப்பிப்பு: கழுத்து முள்ளெலும்பு அறுவைக்குப் பின் விழுங்குவதில் சிரமம்

கழுத்தின் முன்புறம் வழியாக 5, 6, 7ஆம் முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவை முடிந்த 10ஆம் நாளில், தண்ணீர் குடித்தாலே இருமல் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது 11ஆம் வாரம். ஏறக்குறைய எல்லா உணவையும் விழுங்க முடிகிறது.

பலன் தந்தது, விழுங்கல் பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளரைத் தாமதிக்காமல் பாருங்கள் என்று ஒருவர் கூறிய யோசனைதான். எலும்பை அடைவதற்காக உணவுக்குழாயை ஒருபுறம் ஒதுக்கிப் பிடிப்பதால் உண்டாகும் வீக்கமே பெரும்பாலும் காரணம் என்று விளக்கிய அந்தச் சிகிச்சையாளர், நான் விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பதிவுசெய்து, நீர் மூச்சுப்பாதைக்குள் நழுவுவதைக் காட்டினார். அதன்பின் நீர்ம உணவுகளைச் சற்றுக் கெட்டியாக்கி, நிமிர்ந்து அமர்ந்து, சிறிது சிறிதாக எடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் இருமுறை விழுங்கினேன். உண்டபின் அரை மணி நேரம் படுக்கவில்லை. நான்காம் வாரத்திலிருந்து இருமல் குறைந்தது.

மென்மையான திடவுணவைவிடத் தண்ணீர்தான் கடினமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மோவாயைத் தாழ்த்தி விழுங்கும்படி சிலர் சொல்லியிருந்தீர்கள்; கழுத்துப்பட்டை அணிந்திருந்த எனக்கு அறுவை மருத்துவர் அதை அனுமதிக்கவில்லை. மாத்திரைகளைப் பொடிக்கும் முன் மருந்தாளுநரிடம் கேட்டது நல்லதாயிற்று: அவற்றில் ஒன்று மெதுவாகக் கரைய வேண்டிய வகை, அதைப் பொடிக்கவே கூடாது.

கழுத்து திடீரென வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, எந்தப் பயிற்சியையும் முயலாமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.