1,86,000 ஓடிய டிசையரும் ஆண்டிபட்டிக் கணவாயும்

2012 மாடல் மாருதி டிசையர் டீசல் கார். நான் வாங்கும்போது மீட்டரில் 1,86,000, இன்றைக்கு 2,41,000 தாண்டிவிட்டது. மதுரையிலிருந்து தேனிக்கு வாரம் இரண்டு தடவை போய்வருகிறேன், மூன்று வருடமாக வேறு வண்டி தேடத் தோன்றவில்லை. ஆனால் முதல் மூன்று மாதத்தில் பட்டது கொஞ்சம் இல்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

இதற்கு முன்னால் பைபாஸ் ரோட்டில் ஒரு புரோக்கர் இன்னொரு டிசையரைக் காட்டினார். "டாக்டர் வச்சிருந்த வண்டி சார், 72,000தான் ஓட்டம்" என்றார். பாடி பளபளவென்று இருந்தது. கூட வந்த மெக்கானிக் பானெட்டைத் தொடக்கூட இல்லை, குனிந்து கிளட்ச் பெடலைக் காட்டினார். ரப்பரில் வரியே இல்லை, மழமழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிந்தது. 72,000 ஓட்டத்தில் அப்படித் தேயாது. மீட்டரைத் திருப்பிய வண்டி. அப்படியே திரும்பிவிட்டோம். மறைக்காமல் 1,86,000 என்று காட்டுகிற வண்டியே மேல் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

திருமங்கலத்தில் இந்த வண்டி வந்தது. "காலைல ஆறு மணிக்குப் போவோம்ண்ணே, நாம வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்னு சொல்லிருங்க" என்றார் மெக்கானிக். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. ஒரே செல்ஃபில் பிடித்தது, புகை இல்லை. இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து கையை மேலே காட்டினார், பேக் கம்ப்ரசன் இருந்தால், அதாவது இன்ஜின் உள்ளே தேய்ந்து காற்று கசிந்தால், அங்கே குபுகுபுவென்று புகை தள்ளும், ஒன்றும் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது அந்த வீட்டுக்காரர் எடுத்துவைத்த ஃபைல்: 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய பில், ஒன்றுகூட விடாமல். இது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி இன்ஜின், டாடா வண்டிகளிலும் இதே இன்ஜின்தான் வந்தது, அதனால் இதில் கை வைக்கத் தெரிந்த ஆளும் ஸ்பேரும் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். மாருதி 2020-ல் டீசலையே நிறுத்திவிட்டாலும் அந்தக் கவலை இல்லை.

ஆர்சியில் பழைய பேங்க் கடன் நீக்கப்படாமல் கிடந்தது. கடன் பாக்கி இல்லை என்ற பேங்க் என்ஓசியும், ஆர்சியில் கடனை நீக்குவதற்கான ஃபாரம் 35-ம் கைக்கு வந்த பிறகுதான் பாக்கிப் பணத்தைக் கொடுத்தேன். இதில் யாரும் முகதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

இன்ஜினை அவ்வளவு பார்த்தவர்கள் ரேடியேட்டரைப் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

மே மாதம், வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது டெம்பரேச்சர் சிவப்புக்குப் போய்விட்டது. மத்தியானம் ஒரு மணி வெயில், ஏசி முழுசா ஓடுகிறது, பின்னால் அத்தையும் இரண்டு பிள்ளைகளும். உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். பதற்றத்தில் துணியைச் சுற்றி மூடியில் கை வைக்கப் போனேன், பின்னால் வந்த டாட்டா ஏஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "அண்ணே, திறந்துறாதீங்க, மூஞ்சில அடிச்சிரும்!" அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, கேனில் இருந்த தண்ணீரை ஊற்றி, ஏசி போடாமல் மெதுவாக இறக்கினோம்.

மறுநாள் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றியதும் செம்மண் கலங்கிய மாதிரித் தண்ணீர் வந்தது. ஹோஸ் பைப்பின் உள்பக்கம், வாட்டர் ஹீட்டரில் படியுமே, அதே மாதிரி வெள்ளையாக உப்பு. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. வருடக்கணக்காகக் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள். நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும், சமதளத்தில் தெரியாது, ஏற்றத்திலும் வெயிலிலும்தான் தெரியும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் மாற்ற 14,000 ஆனது. சீக்கிரம் நிறுத்தியதால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு) தப்பியது. வாங்கும்போதே கைச்செலவுக்கு என்று 40,000 தனியாக வைத்திருந்தேன், அதனால் கடன் வாங்க வேண்டி வரவில்லை.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைத் துணியை முக்கிப் பாருங்கள். துணி காவி நிறமானால் விலையில் அந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள்.

அதற்கப்புறம் பெரிய தொந்தரவு இல்லை. ஆயிலை 8,000-லேயே மாற்றுகிறேன், கூலன்ட்டில் கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கிளட்ச் செட் ஒருமுறை மாறியது. 2027-ல் ஆர்சி 15 வருடம் முடிகிறது, எஃப்சி காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிப்பதாகத்தான் இருக்கிறேன். இப்போது பத்து நாளாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி கரகரவென்று ஒரு சத்தம், டைமிங் செயினாக இருக்கும் என்கிறார் மெக்கானிக். சனிக்கிழமை வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்.