பாவித்த கேம் வாங்கி விற்ற அனுபவங்கள்: திருமலை ஆட்கள் எழுதுங்கோ

உவர்மலை எழுதியது:

திருமலையில் நல்ல நிலையில் பாவித்த பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்) வேண்டுமென்றால் வெளிநாடு போகிற ஆளைப் பிடிக்க வேண்டும். விசா கைக்கு வந்த அடுத்த கிழமையே கட்டில், மோட்டார் சைக்கிள், பிஎஸ்4 எல்லாம் முகநூலில் விலைக்கு வந்துவிடும். அப்படி ஒன்றைப் பார்க்க அண்மையில் அலஸ்தோட்டம் பக்கம் போனேன். கனடா போகிறவர். "24 கேம்களுடன்" என்று விளம்பரம் போட்டிருந்தார். டிவியில் போட்டுக் காட்டினார், உண்மைதான், திரை நிறையப் படங்கள். மேசையில் இருந்த டிஸ்க்குகள் நான்கே நான்கு.

"மற்றதெல்லாம் எங்க அண்ணா?"

"அது அக்கவுண்டில இருக்கு தம்பி. நீர் இந்த மெஷினில விளையாடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை."

பிரச்சினை இருக்கிறது. இணையக் கடையில் வாங்கிய கேம் மெஷினோடு ஒட்டுவதில்லை, கணக்கோடுதான் ஒட்டும். அந்த மெஷின் அவருடைய கணக்கின் 'பிரதான பிஎஸ்4' ஆக இருக்கும்வரை நானும் விளையாடலாம். அவர் கனடாவில் இன்னொரு பிஎஸ்4 வாங்கி அதைப் பிரதானமாக்கினால், இங்கே இணையம் கிடைத்த அடுத்த தடவையே ஒவ்வொரு படத்திலும் ஒரு சின்னப் பூட்டு விழுந்துவிடும். இதைச் சொன்னபோது, "அங்க பனி அள்ளவே நேரம் காணாதாம், நான் எங்க கேம் விளையாடுறது" என்று சிரித்தார். பாஸ்வேர்டையும் தருகிறேன் என்றார். மீட்பு மின்னஞ்சல் அவருடையதாக இருக்கும்போது பாஸ்வேர்டால் என்ன பயன்? தவிர, கணக்கை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று அவர் 'சம்மதம்' அழுத்திய ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.

மெஷினுக்கும் நான்கு டிஸ்க்குக்கும் மட்டும் விலை பேசி முடித்தேன். மனிதருக்கு முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. பாவம், மற்ற இருபதும் களவெடுத்தது இல்லையே, கார்ட்டில் காசு கட்டி வாங்கியவை. புதுக் கேம் ஒன்று 60, 70 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்துக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். அவ்வளவும் போட்டும் விற்பதற்குக் கையில் ஒரு பொருள் இல்லை.

உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ. கடைப் பெயர், ஆள் பெயர் வேண்டாம்.

மத்திய வீதி ரிப்பேர் எழுதியது:

நான் கன்சோல் திருத்துகிறவன், பாவித்த டிஸ்க்கும் கொஞ்சம் வாங்கி விற்கிறேன். வருகிற ஆட்கள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். டிஸ்க்கின் பின்பக்கத்தைப் பார்ப்பவர் குறைவு. போன் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கோ. நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் பெரும்பாலும் பரவாயில்லை. வட்டமாக, தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறல்தான் ஆபத்து. தரவு அந்த வட்டத் தடத்தில்தான் இருக்கிறது. அடுத்தடுத்த துண்டுகள் ஒரேயடியாகப் போய்விட்டால் மெஷினால் இட்டு நிரப்ப முடியாது.

அப்புறம் இந்தப் பற்பசை வைத்தியம். பிஎஸ்2 காலத்து டிவிடியில் தரவு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் உள்ளே இருந்தது, கொஞ்சம் தேய்த்தாலும் தாங்கும். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகள் ப்ளூரே. அதில் 0.1 மில்லிமீற்றர்தான் ஆழம். அதனால்தான் மேலே கடினமான பூச்சு ஒன்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பூச்சையும் பற்பசையால் தேய்த்து எடுத்துவிட்டு "அண்ணை, இன்னும் வாசிக்குதில்லை" என்று கொண்டு வருவார்கள். நான் என்ன செய்ய?

இன்னொன்று, இது எங்கள் ஊருக்கே உரிய தலையிடி. இங்கே சுற்றுகிற டிஸ்க்கில் கனக்க கட்டார், சவூதி, டுபாயிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் வந்தவை, கவரில் அரபு எழுத்து இருக்கும். பிஎஸ்4 டிஸ்க் எந்த நாட்டு மெஷினிலும் ஓடும், அதில் பயமில்லை. ஆனால் அந்தக் கேமுக்கு மேலதிகப் பகுதி ஏதாவது இணையக் கடையில் வாங்கினால், கணக்கின் பிராந்தியமும் டிஸ்க்கின் பிராந்தியமும் பொருந்த வேண்டும். சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லை. ஆகவே ஒருவர் அமெரிக்காவில் இருப்பதாகப் போடுவார், இன்னொருவர் இந்தியா, அடுத்தவர் இங்கிலாந்து. ஒரு தம்பி அரபுக் கவர் சண்டைக் கேம் ஒன்றை என்னிடம் வாங்கினார். வாங்கும்போதே, எந்தப் பிராந்தியப் பதிப்பு என்று ஒத்துப் பார்க்க உதவும், பெட்டியின் முதுகில் சியூஎஸ்ஏ என்று தொடங்கும் எண்ணைக் காட்டி, உம்முடைய கணக்கு எந்த நாடு என்று கேட்டேன். "அதெல்லாம் ஓகே அண்ணை" என்றார். வீட்டுக்குப் போய் அமெரிக்கக் கணக்கில் நான்கு வீரர்களைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். ஒருவரும் கேமுக்குள் தோன்றவில்லை. மூன்றாம் நாள் டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டு வந்தார், நானும் எடுத்துக்கொண்டேன். அந்த வீரர்களுக்குக் கட்டிய காசு போனது போனதுதான்.

பாலையூற்று அக்கா எழுதியது:

எனக்குக் கேம் பற்றி ஒன்றும் தெரியாது, மகன்தான் விளையாடுவான். அவனுடைய பிறந்தநாளுக்கு நகரில் ஒரு கடையில் கம்பியூட்டர் கேம் பெட்டி ஒன்று வாங்கினேன். பாவித்தது, ஆனால் புதுசு மாதிரி, அரை விலை என்றார்கள். வீட்டில் திறந்தால் டிஸ்க்கே இல்லை, ஒரு காகிதத்தில் நீளமாக எழுத்தும் எண்ணும். மகன் அதை அடித்ததும் "ஏற்கனவே பாவிக்கப்பட்டது" என்று வந்தது. பிள்ளை ஒன்றும் பேசாமல் அந்தக் காகிதத்தை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தான், அதுதான் எனக்குக் கூடக் கோபம்.

கடைக்காரர் "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்ற பலகையைக் காட்டினார். நான் பில்லைக் காட்டினேன். அந்தப் பலகை எழுதினால் எல்லாம் முடிந்துவிடுமா? வேலை செய்யாத ஒன்றை வேலை செய்கிறது என்று சொல்லி விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசி 1977. நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்ததால் இந்த இலக்கமெல்லாம் நாக்கில் இருக்கும். அதைச் சொன்னதும், "மிஸ், நாங்களும் ஒராளிடம் வாங்கித்தானே விற்கிறோம்" என்று குரல் இறங்கியது. அது அவருடைய பாடு. காசு திருப்பித் தரவில்லை, அதே விலைக்கு டிஸ்க் உள்ள இரண்டு கேம் தந்தார். மகனுக்கு அதில் ஒன்று பிடித்திருக்கிறதாம்.

முகநூலில் தனி ஆளிடம் வாங்கி இப்படி நடந்தால் அந்த இலக்கம் அவ்வளவு உதவாது. சட்டம் வியாபாரியைத்தான் பிடிக்கும்.

கிண்ணியா நானா எழுதியது:

நான் நிண்டெண்டோ ஸ்விட்ச் மெஷினில் போடுகிற கேம் கார்ட் வாங்கி விற்கிறவன், சின்ன அளவில்தான். போன கிழமை ஒரு தம்பி வந்தார், கார்ட்டை எடுத்தார், சட்டென்று நாக்கு நுனியில் வைத்தார். முகத்தைச் சுளித்து "ஒரிஜினல்தான் நானா" என்று காசை எண்ணித் தந்தார்! விசயம் என்னவென்றால், சின்னப் பிள்ளைகள் விழுங்கிவிடக் கூடாது என்று நிண்டெண்டோ அந்தக் கார்ட்டில் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடும் கசப்பைப் பூசி வைத்திருக்கிறது. அவருக்கு முன் எத்தனை பேர் நாக்கு வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

என் கேள்வி வேற. பாவித்த கேம் விற்பது சட்டப்படி பிழை என்று மச்சினன் பயமுறுத்துகிறான். உண்மையா?

உப்புவெளி எழுதியது:

நானா, பயப்படாதீங்க. காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கை, கார்ட்டை விற்பதைப் பற்றி உலகம் நூறு வருடத்துக்கு மேலாக வழக்காடி முடித்துவிட்டது. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலுக்குள் "1 டொலருக்குக் குறைத்து விற்கக் கூடாது" என்று அச்சடித்தது. மேசிஸ் கடை 89 சதத்துக்கு விற்றது. 1908இல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது: முதல் தடவை விற்றதோடு அந்தப் பிரதியின் மீது உன் பிடி போய்விட்டது. ஜப்பானில் கேம் நிறுவனங்கள், கேமும் சினிமாப் படம்தான், அதை யார் விநியோகிப்பது என்று நாங்கள்தான் சொல்வோம் என்று பாவித்த கேம் கடைகளை நீதிமன்றத்துக்கு இழுத்தன. 2002 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், படம் என்றே வைத்தாலும் முதல் விற்பனையோடு அந்த உரிமை தீர்ந்தது என்றது. ஜப்பானில் இன்றும் பாவித்த கேம் கடைகள் அமோகமாக நடக்கின்றன.

தகராறு எல்லாம் தரவிறக்கத்தில்தான். 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஆரக்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், தரவிறக்கிய மென்பொருளையும் வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு பிரான்சின் நுகர்வோர் சங்கம், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை நடத்தும் வால்வ் நிறுவனம் மீது வழக்குப் போட்டது. 2019இல் பாரிஸ் நீதிமன்றம் 'விற்கலாம்' என்றது, 2022இல் மேன்முறையீட்டில் 'முடியாது' என்று புரண்டது: கேம் வெறும் மென்பொருள் அல்ல, படமும் இசையும் கதையும் சேர்ந்தது என்று காரணம் சொன்னார்கள். எனக்கு இது கொஞ்சமும் ஒத்துவரவில்லை. அதே படமும் இசையும் டிஸ்க்கில் இருந்தால் விற்கலாமாம்! கலிபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து, இது அனுமதி மட்டும்தான், உடைமை இல்லை என்று தெளிவாகச் சொல்லாமல் இணையக் கடைகள் 'வாங்கு' என்று பொத்தான் வைக்கக் கூடாது. விற்கும் உரிமை வரவில்லை, உண்மையைச் சொல்லும் கடமையாவது வந்திருக்கிறது.

எங்கள் நாட்டில் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. விற்கிறவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறது என்பது ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. உவர்மலை பார்த்த கனடா அண்ணா வாடகை வீட்டுக்குத் தன் காசில் ஓடு மாற்றியவர் மாதிரி. செலவு அவருடையது, விற்க முடியாது.

2013 ஜூனில் மைக்ரோசொஃப்ட் தன் புதுக் கேம் மெஷினான எக்ஸ்பொக்ஸ் வன்னுக்கு ஒரு திட்டம் சொன்னது: 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷின் இணையத்தில் தலை காட்ட வேண்டும், டிஸ்க்கைக் கைமாற்றவும் கட்டுப்பாடு. ஆட்கள் கொந்தளித்ததில் அதே மாதமே கைவிட்டார்கள். அதற்குள் சோனி ஒரு குட்டி வீடியோ விட்டது: பிளேஸ்டேஷனில் கேமைப் பகிர்வது எப்படி என்று கேட்டு, ஒருவர் டிஸ்க்கை மற்றவர் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான். 2022 மார்ச்சில் எங்களுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கோ. அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் கரண்ட் வந்த பிறகும் 'ரவுட்டர்' உயிர் பெறும்வரை சொந்த டிஸ்க்கை முறைத்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் சோனியும் அதே சோனியாக இல்லை. 2024இல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் போடும் இடமே கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும்.

டொக்யார்ட் வீதி எழுதியது:

எல்லோரும் சட்டம் கதைக்கிறீர்கள். சமாதான காலத்தில், 2002க்குப் பிறகு, திருமலையில் பிஎஸ்2 விளையாடியவர் எவரும் ஒரிஜினல் டிஸ்க்கைக் கண்ணால் கண்டதில்லை. களவுப் பிரதியும் ஓடும்படி சிப் அடித்த மெஷின், மார்க்கர் பேனையால் பெயர் எழுதிய டிஸ்க், மணிக்கணக்குக்குக் காசு. அது யாருடைய உரிமை என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது பொடியன்கள் காசு கட்டி வாங்கப் பழகிய நேரம் பார்த்து, வாங்கியது உன்னுடையது இல்லை என்கிறார்கள். நல்ல வேடிக்கை.

டிஸ்க் இருந்தால் போதும் என்றும் இருந்துவிடாதேயுங்கோ. த க்ரூ என்ற கார்க் கேம் டிஸ்க்கை ஒரு தம்பி ஆயிரம் ரூபாவுக்குத் தருகிறேன் என்றார். பெட்டி பளபளவென்று, கீறல் ஒன்றும் இல்லை. 2014இல் வந்த கேம், தனியாக விளையாடவும் நிறுவனத்தின் சேர்வர் வேண்டும். 2024 மார்ச் 31இல் யுபிசொஃப்ட் அதை நிறுத்திவிட்டது. அதிலிருந்து கிளம்பியதுதான் கேம்களைக் கொல்லாதே என்ற இயக்கம், ஐரோப்பாவில் 2025இல் பத்து இலட்சம் கையெழுத்தைத் தாண்டியது. தம்பியிடம் விசயத்தைச் சொன்னேன். "அப்ப பெட்டிக்கு மட்டும் நூறு ரூபா தாங்கோ" என்கிறார். கெட்டிக்காரன், கொழும்பில் கடை போட வேண்டிய ஆள்.

கிண்ணியா நானா எழுதியது:

உப்புவெளித் தம்பிக்கு நன்றி, மச்சினனுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். மத்திய வீதி, அந்த அரபுக் கவர் சண்டைக் கேம் இன்னும் இருக்கா? என்னுடையது இங்கிலாந்துக் கணக்கு. பெட்டியின் முதுகில் இருக்கிற எண்ணை ஒரு படம் எடுத்துப் போடுங்க, ஒத்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வாறன்.

மத்திய வீதி ரிப்பேர் எழுதியது:

இருக்கு நானா, பின்னேரம் படம் போடுகிறேன். 4,500. ஞாயிறு கடை பூட்டு, சனிக்கிழமை வாங்கோ. நாக்கு வைத்துப் பார்க்க வேண்டாம், இது ப்ளூரே.