கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை டிரைவரைத் தானாகக் கம்பைல் ஆகவைப்பது எப்படி?

லினக்ஸ் தெரிந்த அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். திருகோணமலை உவர்மலையில் எங்கள் டியூட்டரிக் கணினிகளில் உபுண்டு 24.04 ஓடுகிறது, எல்லாவற்றிலும் யூஎஸ்பி வைஃபை குச்சி, அதன் டிரைவர் கெர்னலோடு (லினக்ஸின் மையப்பகுதி) வராததால் கிட்ஹப்பில் எடுத்து நாங்களே கம்பைல் செய்து போட்டது. புதுக் கெர்னல் ஏறி ரீபூட் ஆனதும் வைஃபை போய்விடும். கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர்ஸ் கோப்புகளை இறக்கவும் இணையம் வேண்டுமே, போனைச் செருகி டெதரிங் போட்டுத்தான் திரும்ப மேக் அடித்துக் கம்பைல் செய்கிறேன்.

சரி என்று ஒரு கணினியை மட்டும் டிகேஎம்எஸ்ஸுக்கு (புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானே கம்பைல் செய்யும் கருவி) மாற்றினேன். லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் போட்டாயிற்று, டிகேஎம்எஸ் கான்ஃப் கோப்பில் ஆட்டோஇன்ஸ்டால் 'யெஸ்' என்றுதான் இருக்கிறது. ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டால்ட் என்றே காட்டுகிறது, ஆனால் டிரைவரை ஏற்ற மொட்ப்ரோப் அடித்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று துப்புகிறது. நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்றவிடாத செக்யூர் பூட்டின் வேலைதான், தெரிகிறது. மொக் சாவியை (டிரைவருக்குக் கையொப்பம் போட நாமே பதியும் சாவி) ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்தடுத்த கெர்னல்களுக்கும் டிகேஎம்எஸ் அதே சாவியால் தானே கையொப்பம் போடுமா, இல்லை ஒவ்வொரு முறையும் ரீபூட்டில் சாவி பதியும் அந்த நீலத் திரைக்குப் போகவேண்டுமா? செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்லாதீர்கள், பயோஸ் பாஸ்வேர்ட் சேரிடம் இருக்கிறது, அவர் தரமாட்டார்.

இன்னொன்று, டிரைவர் கம்பைல் ஆகாமல் தோற்றால் பழைய கெர்னலிலேயே பூட் ஆகும்படி வைக்க வழி உண்டா?