வெளியே கூப்பிட்டால் பொது எண்தான் தெரிகிறது, அவசரம்

மில்_ஐடி:
ஆபீஸில் யார் வெளியே கூப்பிட்டாலும் எதிரில் பொது எண்தான் தெரிகிறது. சேல்ஸ் ஆட்களுக்குத் தனித்தனி எண் இருந்தும், கஸ்டமர் திருப்பிக் கூப்பிட்டால் ரிசப்ஷனுக்குப் போகிறது. கம்பெனி பெயரும் வரவில்லை. நாளைக்குள் சரி செய்ய வேண்டும்.

தாமிரா:
எந்த சிஸ்டம்? பிஆர்ஐ லைனா (பழைய வகை டிஜிட்டல் டெலிபோன் லைன்), சிப் டிரங்கா (டேட்டா நெட்வொர்க் வழி வரும் லைன்)?

மலைக்கோட்டை:
ஆபரேட்டர்தான் காரணம். உங்களுக்கு ஒதுக்கிய வரிசையில் இல்லாத எண்ணை அனுப்பினால் அதற்குப் பதில் பைலட் எண்ணை, அதாவது உங்கள் பொது எண்ணை, போட்டுவிடுவார்கள். முதலில் அங்கே கம்ப்ளெயின்ட் கொடுங்கள்.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் தம்பி. எக்ஸ்டென்ஷனில் அவுட்பவுண்ட் சிஐடி (வெளியே கூப்பிடும்போது எதிரில் காட்ட வேண்டிய எண்) போட்டீர்களா? அரிச்சுவடியே அதுதான்.

மில்_ஐடி:
ஃப்ரீபிபிஎக்ஸ் (ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் சாப்ட்வேர்), சிப் டிரங்க். எக்ஸ்டென்ஷனில் போட்டாயிற்று சார்.

தாமிரா:
டிரங்கில் சிஐடி ஆப்ஷன்ஸ் என்ன? 'ஃபோர்ஸ் டிரங்க் சிஐடி' என்றிருந்தால் எக்ஸ்டென்ஷனில் என்ன எழுதினாலும் எடுபடாது. சிப்புக்கு பிஜேசிப் டிரைவர்தானே? ஃப்ரீபிபிஎக்ஸின் அடியில் ஓடும் ஆஸ்டரிஸ்க் கன்சோலில் 'பிஜேசிப் செட் லாகர் ஆன்' கொடுத்து ஒரு கால் போடுங்கள். கால் தொடங்க அனுப்பும் இன்வைட் செய்தியில் ஃப்ரம் வரியிலும் பி-அசர்ட்டட்-ஐடென்டிட்டி (பிஏஐ) வரியிலும் என்ன எண் போகிறது? அதைப் பார்க்காமல் ஆபரேட்டரைக் குறை சொல்ல முடியாது.

மலைக்கோட்டை:
பெயரை மறந்துவிடுங்கள். நீங்கள் அனுப்பும் பெயரை இங்கே ஆபரேட்டர்கள் மொபைல் வரை கொண்டுபோவதில்லை. நிறையப் போன்களில் தெரிவது ட்ரூகாலர் தன் பட்டியலிலிருந்து எடுத்துக் காட்டும் பெயர்.

நெய்தல்:
அதற்காகத்தானே சிஎன்ஏபி (கூப்பிடுபவரின் பெயரை ஆபரேட்டரே காட்டும் சேவை) வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரை செய்தது? கனெக்‌ஷன் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயரே தெரியும். மோசடி கால்களை அடையாளம் காண நல்ல வழி.

தாமிரா:
நல்ல வழியா? ஆட்டோக்காரர், டெலிவரிப் பையன் என்று யாருக்குப் போன் செய்தாலும் ஒரு பெண்ணின் முழுப்பெயர் போய்ச் சேரும். எனக்கு உடன்பாடில்லை.

நெய்தல்:
ட்ரூகாலரில் இப்போதும் தெரியத்தானே செய்கிறது?

தாமிரா:
அங்கே பெயரை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
இதைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேட்டவர் காத்திருக்கிறார்.

மில்_ஐடி:
சிஐடி ஆப்ஷன்ஸ் 'அலவ் எனி' (எந்த எண்ணையும் அனுமதி). லாகில் ஃப்ரம் வரியில் பொது எண். பி-அசர்ட்டட் வரியே இல்லை.

தாமிரா:
அப்படியானால் உங்கள் பக்கத்திலிருந்தே பொது எண் போகிறது. டிரங்கின் அட்வான்ஸ்டு பகுதியில் 'ஃப்ரம் யூசர்' கட்டத்தைப் பாருங்கள். அங்கே பொது எண் இருந்தால் எல்லாக் காலுக்கும் அதுவே போகும். சில ஆபரேட்டர்களுக்கு ஃப்ரம் வரியில் அக்கவுண்ட் எண் கட்டாயம். அப்படியென்றால் அதைத் தொடாமல், பிஏஐ அனுப்பும்படி மட்டும் வையுங்கள். தனி எண் அந்த வரியில் போய்விடும்.

மில்_ஐடி:
பிஏஐ வைத்ததும் தனி எண் வந்துவிட்டது. நன்றி.

தாமிரா:
சரி. மொபைலுக்கு ஃபார்வர்ட் ஆகும் அழைப்பையும் சோதித்துப் பாருங்கள். அங்கே சிஸ்டம் கஸ்டமரின் எண்ணையே வெளியே அனுப்பப் பார்க்கும், அது உங்கள் வரிசையில் இல்லாத எண். மலைக்கோட்டை சொன்னது அங்கே பொருந்தும்.

குறிஞ்சி:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் பிஆர்ஐ லைன். என்ன செய்வது?