பலகை காமெடி: குடும்ப குரூப்பில்

கார்த்தி: சனிக்கிழமை பசங்களுக்கு பழைய பிரிட்டிஷ் காமெடி ஏதாவது போடலாம்னு இருக்கேன். இங்கிலீஷ் பாதிதான் புரியும். எது போடலாம் சித்தப்பா?

ரகு சித்தப்பா: தி பிளாங்க், 1967. எரிக் சைக்ஸ் எழுதி இயக்கி நடிச்சது, கூட டாமி கூப்பர். வசனமே கிட்டத்தட்ட கிடையாது. தரை போடுற ரெண்டு பேருக்கு ஒரு பலகை குறையுது, வாங்கிட்டு வராங்க. அவ்ளோதான் கதை.

மீனா அத்தை: காமெடி நடிகர் நார்மன் விஸ்டம் படம் வேணாமா? அவரோட தி எர்லி பேர்ட் ஆரம்பத்துல தூக்கக் கலக்கத்தோட எழுந்திரிக்கிற காட்சி ஒண்ணே போதுமே!

ரகு சித்தப்பா: அந்தக் காட்சி மட்டும் தனியா போடு. அப்புறம் பேச்சு ஜாஸ்தி.

பெரியப்பா: கேரி ஆன் பட வரிசை பக்கம் போயிடாதீங்க. பாதி இரட்டை அர்த்தம் 🙈

மீனா அத்தை: ஒரு பலகைல அப்படி என்ன சிரிப்பு ரகு?

ரகு சித்தப்பா: தூக்கறவனுக்குப் பின்முனை தெரியாது, நமக்குத் தெரியும். யாரோ கூப்பிட்டதும் திரும்புவான், பின்னாடி இருக்கறவன் குனிஞ்சு தப்பிப்பான். நிமிர்றப்போ இவன் மறுபடி திரும்புவான், அப்போதான் அடி. முதல் திருப்பத்துலயே அடிச்சா சிரிப்பு பாதிதான்.

பெரியப்பா: பலகை முழுசும் அடி வாங்கறவனும் ஒரே ஷாட்ல தெரியணும். முகத்துக்கு குளோசப் வெட்டினா போச்சு.

கார்த்தி: ஸ்கூல் ஆண்டுவிழாவுல பசங்க இதையே பண்ணப்போறாங்களாம் 😀 நிஜப் பலகை வேணும்கறாங்க.

ரகு சித்தப்பா: மரம் வேண்டவே வேண்டாம். தெர்மோகோல், 2 மீட்டர் நீளம். ஷீட்டுகளை நீளத்துக்குச் சேர்த்து ரெண்டு அடுக்கா ஒட்டு, மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் ஒரே இடத்துல வரக்கூடாது, வந்தா அங்கதான் ஒடியும். ரப்பர் பசை தெர்மோகோலைக் கரைச்சிடும், ஃபெவிகால் போடு. ஒரு ராத்திரி காயட்டும். மேல பிரவுன் பேப்பர்.

பெரியப்பா: வெயிட் இல்லாததால பசங்க வேகமா சுத்துவாங்க, பொய்னு தெரிஞ்சிடும். முழங்காலை மடக்கி மெதுவா நடக்கச் சொல்லு. அடி வாங்கறவன் மேடையில ஓரடி உள்ள தள்ளி நிக்கணும். பலகை ஆடியன்ஸ் பக்கமா வரும், இடைவெளி தெரியாது.

மீனா அத்தை: சத்தம்?

பெரியப்பா: திரை மறைவுல ஒருத்தர் ரெண்டு கட்டையைத் தட்டணும். பலகையைப் பார்த்துத் தட்டினா லேட் ஆயிடும். தூக்கறவன், அடி வாங்கறவன், தட்டறவன் மூணு பேருக்கும் ஒரே எண்ணிக்கை: 1 திரும்பு, 2 குனி, 3 நிமிர், 4 திரும்பு. தட்டு 4ல.

கார்த்தி: 1 மீட்டர் ஷீட் எத்தனை வாங்கணும்?

ரகு சித்தப்பா: 1ங்கிறது நீளம், அகலம் அரை மீட்டர் இருக்கும். 2 போதும், நீளவாக்குல கீறிக்கோ. மிச்சம் வரும், முதல் நாளே ஒண்ணு ஒடியும்.