பியோங்சான் தூணில் அடித்த ஆணி: பழைய கட்டடங்களில் சீரியல் எடுக்கலாமா?

கதிர்_நெல்லை:
கொரியத் தொடர் பார்க்கிறவர்கள் ஒரு தடவையாவது பேச வேண்டிய விஷயம் இது. தென்கொரியாவில் ஆண்டோங் நகரத்துப் பக்கம் நாக்டோங் ஆற்றங்கரையில் பியோங்சான் சோவோன் என்று ஒரு பழைய கல்விச்சாலை இருக்கிறது. 1592இல் ஜப்பான் படையெடுத்தபோது அமைச்சராக இருந்த ரியூ சோங்-ரியோங்கை வணங்கும் இடம். 1871 வாக்கில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சோவோன்களை மூடி இடித்தபோது 47 மட்டும் தப்பின, அதில் இதுவும் ஒன்று. 2019இல் மற்ற எட்டோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

இத்தனையும் தாண்டி நின்ற கட்டடத்தில், 2024 டிசம்பர் 30 அன்று அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான கேபிஎஸ்ஸின் சரித்திரத் தொடர் ஒன்றின் யூனிட் ஆட்கள் விளக்கு தொங்கவிட மரத்தூணில் ஆணி அடித்தார்கள். சுற்றிப் பார்க்க வந்த ஒரு கட்டடக் கலைஞர் தட்டிக் கேட்டதற்கு, நகராட்சியில் அனுமதி வாங்கியாயிற்று என்று பதில் வந்தது. அவர் இணையத்தில் எழுதியதால்தான் ஊருக்கே தெரிந்தது. கேபிஎஸ் மன்னிப்புக் கேட்டது, போலீஸ் விசாரணையும் வந்தது.

அசல் கட்டடத்துக்குள் சீரியல் யூனிட்டை விடவே கூடாது என்பது என் கட்சி. முங்யோங் சேஜேயில் 2000இல் வாங் கோன் மன்னர் தொடருக்காகப் போட்ட பெரிய செட் இருக்கிறது, யோங்கினில் நாட்டுப்புற கிராமமே இருக்கிறது. அங்கே எத்தனை ஆணி வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்.

பவித்ரா_கோவை:
கதிர் அண்ணா, ஆணி அடித்தது தப்பு, அதில் எனக்கு வேறு பேச்சே இல்லை. ஆனால் கதவையே சாத்து என்பது சரியில்லை. அதே ஆண்டோங்கில் மான்ஹியூஜோங் என்று பாறையும் அருவியும் சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன மண்டபம், அதற்குப் போக ஒரு ஒடுக்கமான பாலம். 2018இல் மிஸ்டர் சன்ஷைன் தொடரின் காட்சி ஒன்று அந்தப் பாலத்தில் எடுத்த பிறகுதான் உலகம் முழுக்க ஆட்கள் அதைத் தேடிப் போனார்கள். 2025 மார்ச் காட்டுத்தீயில் அது எரிந்துவிட்டது என்றே முதலில் செய்தி வந்தது. கோவையில் உட்கார்ந்து நான் அழுதேன். நான் கால் வைக்காத ஊர் அது. மறுநாள் போய்ப் பார்த்தால் தீத்தடுப்புத் துணி போர்த்தியிருந்ததால் தப்பி நிற்கிறது என்றார்கள். அந்த அழுகை எனக்கு எங்கிருந்து வந்தது? சீரியலிலிருந்துதானே.

கதிர்_நெல்லை:
அழுதது உண்மைதான்மா, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் துணி போர்த்தினது தொடர் எடுத்த இடம் என்பதற்காக இல்லை, பாரம்பரியச் சொத்து என்பதற்காக. அந்த நாட்களில் அந்த வட்டாரத்தில் எத்தனையோ பழைய கட்டடங்களுக்கு அப்படிப் போர்த்தினார்கள். கோவுன்சா என்கிற பௌத்தக் கோயிலில் பல கட்டடங்கள் அதே தீயில் போய்விட்டன. மரக்கட்டடம் ஒரு ராத்திரியில் போகும் என்று தெரிந்த பிறகு, அதன் நடுவில் ஜெனரேட்டர், விளக்கு, வயர் எல்லாம் எதற்கு?

தேக்குமரம்:
நான் தச்சு வேலை பார்க்கிறவன், ஆணி பற்றி மட்டும் சொல்கிறேன். ஏற்கனவே இருந்த ஓட்டையில்தான் ஆணியைச் செருகினோம் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காய்ந்த பழைய மரத்தில் இருக்கிற ஓட்டை என்பது ஏற்கனவே ஒரு காயம், அதில் திரும்ப இரும்பை இறக்கினால் நார் பிளக்கும், இரும்பு துருப்பிடித்து உப்பும், விரிசல் வழியாக ஈரம் போகும், ஈரம் போன இடத்துக்குப் பூச்சி வரும். பியோங்சானில் மாண்டேரு என்று இரண்டு தள மண்டபம் இருக்கிறதே, அதன் கீழ்த்தளத்துத் தூண்களைப் படத்தில் பாருங்கள், மரத்தின் வளைவைக்கூடச் செதுக்காமல் அப்படியே இயற்கைக் கல்லின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கழுந்தும் துளையுமாகப் பூட்டின வேலை. அங்கே சுத்தியல் எடுத்தவனுக்கு மரம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தரவில்லை. செட்டில் வேலை பார்த்துப் பழகின கை, பிளைவுட் என்று நினைத்து அடித்திருக்கும். விளக்கைக் கயிற்றால் கட்டியிருந்தாலே போதும்.

பவித்ரா_கோவை:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணா, பழக்கத்தை மாற்ற வேண்டும். மாண்டேருவின் தூண்களுக்கு நடுவில் ஆறும் எதிர்மலையும் தெரிவதை எந்த செட்டில் கொண்டுவர முடியும்?

கதிர்_நெல்லை:
வெளியே நின்று எடுக்கட்டும், உள்ளே நடப்பதை செட்டில் எடுக்கட்டும். அந்த மண்டபத்து மேல்தளத்தில் சாதாரணப் பார்வையாளர் ஏறவே தடை இருக்கிறது. காசு கொடுத்து வரும் யூனிட்டுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

வளவுக்காரி:
சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் அப்பா வீடு காரைக்குடி பக்கம், ஒன்பது பங்காளிகள், ஒருவரும் அங்கே குடியில்லை. ஓடு மாற்ற, தேக்குத் தூணுக்கு எண்ணெய் போட, வாட்ச்மேன் சம்பளம் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் பணம் கேட்டுப் போன் போட்டால் பாதிப் பேர் எடுக்கமாட்டார்கள். ஷூட்டிங் வாடகை வந்த இரண்டு வருஷம்தான் முகப்பு ஒழுகாமல் இருந்தது. கதிர் தம்பி, வெளியே நின்று எடுக்க யாரும் எங்களுக்கு வாடகை தரமாட்டார்கள். உள்ளே விட்டால்தான் காசு.

ஆனால் தேக்குமரம் அண்ணன் சொல்கிற காயமும் எனக்குத் தெரியும். ஒரு சீரியல் யூனிட் பட்டாலைச் (வீட்டுக்குள் இருக்கும் திண்ணை) சுவரில் எதையோ டேப் போட்டு ஒட்டி, போகும்போது பிய்த்து எடுத்தார்கள். முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே கையோடு வந்துவிட்டது. அந்தப் பூச்சு போடத் தெரிந்த கொத்தனாரைத் தேடி எட்டு மாதம் அலைந்தேன். போட்ட பிறகும் நிறம் சேரவில்லை. ஒப்பந்தத்தில் சேதத்துக்கு அபராதம் எழுதித்தான் இருந்தது. அன்று வீட்டில் இருந்தது வாட்ச்மேன் மட்டும், அவர் சொன்னால் யார் கேட்பார்கள்?

தேக்குமரம்:
அக்கா, விஷயமே இதுதான். கொரியாவில் நாட்டின் பாரம்பரியச் சொத்தைச் சேதப்படுத்தினால் குறைந்தது மூன்று வருஷம் ஜெயில் என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் ஆணி இறங்கியது. தடுத்தவர் வழிப்போக்கர். அவர் அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால் அந்தத் தொடர் அப்படியே ஒளிபரப்பாகி, நாமும் பார்த்து ரசித்திருப்போம்.

கதிர்_நெல்லை:
அக்கா சொன்னதைப் படித்த பிறகு தனியார் வீட்டைப் பற்றி நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். வாடகை இல்லாமல் கூரை இடிவதைவிட அது மேல். ஆனால் பியோங்சான் மாதிரி, அரசாங்கம் பராமரிக்கிற இடத்துக்கு ஷூட்டிங் பணம் அவசியமே இல்லை. அங்கே என் நிலை மாறாது.

பவித்ரா_கோவை:
நான் அங்கும் விடலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் நிறுத்து என்று சொன்னால் கேமரா நிற்கிற அதிகாரத்தோடு ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவர் சம்பளத்தை யூனிட் தர வேண்டும்.

வளவுக்காரி:
பவித்ரா, சம்பளம் யூனிட் கையிலிருந்து வந்தால் அவர் யூனிட் ஆளாகிவிடுவார். பணத்தை வாடகையோடு எங்களிடம் கட்டட்டும், ஆளை நாங்கள் போடுகிறோம். தை மாதத்துக்கு ஒரு கம்பெனி கேட்டிருக்கிறது. தேக்குமரம் அண்ணன், நீங்கள் எந்த ஊர்? நான்கு நாள் வந்து நிற்க முடியுமா?